மூளைக்குப் பரவிய புற்றுநோய்: மருந்து செல்லுமா, சென்றால் வெல்லுமா?

"புற்றுநோய் மூளைக்கும் பரவிவிட்டது" என்ற செய்தி ஒரு குடும்பத்தின் காதில் விழும்போது, அக்குடும்பம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுவதை நாம் காண்கிறோம். ஒரு சாரார், இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றனர். மற்றொரு சாரார், காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் கேள்விப்பட்ட மருந்தையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமெனத் துடிக்கின்றனர். இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றேயாகும். மூளைக்குப் பரவிய புற்றுநோய் என்பது எல்லோருக்கும் ஒரே நோய் என்ற எண்ணமே அந்த அடிப்படை. அந்த எண்ணம் தவறானது.

'கீமோதெரபி' என மக்கள் வழக்கில் அறியப்படும் இரசாயன மருந்துச் சிகிச்சை மூளையில் பயன்தராது என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. அது முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. எங்கே அது உண்மை, எங்கே அது உண்மையன்று என்பதை அறிந்துகொள்வது, அச்செய்தியைக் கேட்கும் குடும்பம் எடுக்கும் முடிவையே மாற்றக்கூடியது என்பதால் அதுபற்றி இங்கு சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

பரவியது எந்த நோய்?

முதலில் ஒரு தெளிவு அவசியமாகின்றது. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவினால் அது 'மூளைப் புற்றுநோய்' ஆகிவிடுவதில்லை. மூளையில் குடியேறியிருப்பவை மார்பகப் புற்றுநோய்க் கலங்களே. அவ்வாறே நுரையீரலிலிருந்து வந்தவை நுரையீரல் புற்றுநோய்க் கலங்களாகவே இருக்கின்றன. குருதியோட்டத்தில் கலந்து பயணித்து, மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களில் தங்கி, அங்கிருந்து வெளியேறி வளரும் இக்கலங்கள் தம் பிறப்பிடத்தின் குணங்களில் பலவற்றைத் தம்முடன் எடுத்துச் செல்கின்றன. எந்த மருந்துக்கு அவை பணியும், எதற்குப் பணியாது என்பதும் பெருமளவு அந்தப் பிறப்பிடத்தைப் பொறுத்ததேயாகும்.

வளர்ந்தோரின் மூளையில் காணப்படும் கட்டிகளில், மூளையிலேயே தோன்றுபவற்றைவிட வேறிடத்திலிருந்து பரவி வந்தவையே அதிகம். நுரையீரல், மார்பகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களும், மெலனோமா எனப்படும் தோல் நிறக்கலப் புற்றுநோயும் இவ்வாறு மூளைக்குப் பரவுவதில் முன்னிற்கின்றன. சிறுநீரகம், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்கள் அடுத்து வருகின்றன. இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய் என்பதை நோக்கும்போது, இது நமக்குத் தொலைவான விடயமன்று என்பது புலனாகும்.

மூளையைக் காக்கும் மதில்

கீமோதெரபி மூளையில் பயன்தராது என்ற கருத்துக்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1885 ஆம் ஆண்டில் ஜேர்மன் மருத்துவ விஞ்ஞானி போல் ஏர்லிச் விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, உடலின் ஏனைய உறுப்புகள் நிறமேறியபோதிலும் மூளை மாத்திரம் நிறமேறாதிருந்ததைக் கண்டார். மூளை இழையம் அச்சாயத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்றே அவர் கருதினார். அவரது மாணவரான எட்வின் கோல்ட்மன் 1913 ஆம் ஆண்டில் அச்சோதனையைத் திருப்பிச் செய்து பார்த்தார். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள பாய்பொருளினுள் சாயத்தை நேரடியாகச் செலுத்தியபோது மூளை நிறமேறியது, உடல் நிறமேறவில்லை. சாயத்தை ஏற்க மூளை மறுக்கவில்லை, குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோவொரு தடுப்பு உள்ளது என்பது அதன்மூலம் தெளிவாயிற்று.

அத்தடுப்பு யாது என்பதை 1960களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டித் தந்தது. உடலின் ஏனைய பகுதிகளில் நுண்குருதிக் குழாய்களின் சுவர்க் கலங்களுக்கிடையே சிறு இடைவெளிகள் இருக்கின்றன. மூளையிலோ அக்கலங்கள் ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டவை போன்று இணைந்திருக்கின்றன. இது போதாதென்று, அச்சுவரைத் தாண்டி உள்ளே நுழையும் பல பொருட்களை மீண்டும் குருதிக்கே வெளியேற்றிவிடும் புரதப் 'பம்பி'களும் அங்கு உள்ளன. நச்சுப் பொருட்களிலிருந்து மூளையைக் காப்பதற்கு இயற்கை எழுப்பிய மதில் இது. ஆனால் கீமோதெரபி மருந்துகளிற் பலவும் உடலின் பார்வையில் நச்சுப் பொருட்களே என்பதால், அம்மதில் மருந்தையும் தடுத்து நிறுத்திவிடுகின்றது.

இதன் விளைவு விசித்திரமானது. மருந்தினால் உடலெங்கும் நோய் கட்டுப்பட்டிருக்க, மதிலுக்கு அப்பால் தப்பிச் சென்ற சில கலங்கள் மாத்திரம் மூளையில் பாதுகாப்பாக வளர்கின்றன. நோய்க்கு மூளை ஒரு புகலிடமாகிவிடுகின்றது.

மதிலில் விழும் வெடிப்புகள்

எனினும் இந்த மதில் எப்போதும் முழுமையாக நிற்பதில்லை. புற்றுநோய்க் கட்டி வளரும்போது, அது தனக்கென உருவாக்கிக்கொள்ளும் குருதிக் குழாய்கள் மூளையின் இயல்பான குழாய்களைப் போன்று இறுக்கமானவையாக இருப்பதில்லை. அவை கசிகின்றன. இதற்கான சான்றை ஸ்கான் படத்திலேயே காணலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்போது கையில் ஏற்றப்படும் வேறுபடுத்தும் மருந்து சாதாரண மூளை இழையத்தினுள் செல்வதில்லை, ஆனால் கட்டி உள்ள இடத்தில் கசிந்து அதனைப் பிரகாசமாகக் காட்டுகின்றது. கட்டி ஒளிர்கிறது என்றாலே, அந்த இடத்தில் மதில் ஓரளவு உடைந்திருக்கின்றது என்பது பொருளாகும். அவ்வாறாயின் கீமோதெரபி மருந்தும் அவ்வழியே ஓரளவு உட்செல்லக்கூடும்.

ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஒரே நோயாளியின் ஒரு கட்டிக்குள் மருந்து போதியளவு செல்ல, அருகிலுள்ள மற்றொன்றினுள் செல்லாது விடலாம். கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருக்கும் சிறு கூட்டங்களைச் சூழ மதில் இன்னும் இறுக்கமாகவே இருக்கலாம்.

மருந்து உட்சென்றுவிட்டால் மாத்திரம் போதுமா என்பது அடுத்த கேள்வி. டெமோசொலமைட் எனும் மருந்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மதிலைத் தாண்டிச் செல்லக்கூடிய மருந்து இது. மூளையிலேயே தோன்றும் கிளியோபிளாஸ்டோமா எனும் கொடிய கட்டிக்கு, கதிர்வீச்சுடன் இதனையும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தனர் என்பதை 2005 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே மருந்து, நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ மூளைக்குப் பரவிய கட்டிகளில் தனியாகக் கொடுக்கப்பட்டபோது பெரும் பயனைத் தரவில்லை. மருந்து வாசலைக் கடந்தது. ஆனால் உள்ளே இருந்த நோய் அம்மருந்துக்குப் பணியும் நோயாக இருக்கவில்லை.

ஆகவே இங்கு கேட்கப்பட வேண்டியவை இரண்டு கேள்விகள். மருந்து அங்கே செல்லுமா என்பது ஒன்று. சென்றால் அந்த நோயை வெல்லுமா என்பது மற்றொன்று. பொதுமக்களிடையே முதலாவது கேள்வியே பேசப்படுகின்றது. உண்மையில் முடிவைத் தீர்மானிப்பதில் இரண்டாவதே பெரும்பங்கு வகிக்கின்றது. அத்துடன், பலருக்கு மூளைப் பரவல் ஏற்படுவது பல்வேறு மருந்துகளையும் பெற்று முடித்த பின்னராகும். அந்த மருந்துகளுக்குத் தப்பிப் பிழைத்த கலங்களே அங்கு வளர்கின்றன என்பதால், மூளையில் மருந்து தோற்பதற்கு மதிலை மாத்திரம் குறைசொல்வது பொருந்தாது.

கீமோதெரபி வென்ற இடங்கள்

இரண்டாவது கேள்விக்கு 'வெல்லும்' என்ற விடை கிடைக்கும் புற்றுநோய்களும் உள்ளன. கர்ப்பத்தைத் தொடர்ந்து சூல்வித்தகக் கலங்களிலிருந்து தோன்றும் கோரியோகார்சினோமா அவற்றுள் ஒன்று. உடலெங்கும் வேகமாகப் பரவும் இந்நோயை, 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின் சியூ லீ எனும் மருத்துவர் மெதொட்ரெக்சேற் என்ற மருந்தினால் கட்டுப்படுத்திக் காட்டினார். பிற்காலத்தில் அதிக அளவு மெதொட்ரெக்சேற்றுடன் வேறு மருந்துகளும் சேர்க்கப்பட்ட சிகிச்சை முறைகள் உருவாகின. அவற்றின் பயனாக, மூளைக்குப் பரவிய நிலையில் வந்த பெண்களிலும் பலர் முற்றாகக் குணமடைந்துள்ளனர்.

ஆண்களின் விதைப் புற்றுநோய் மற்றொன்று. அமெரிக்க சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்குக்கு 1996 ஆம் ஆண்டு ஒக்டோபரில், 25 ஆவது வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. அப்போதே அது வயிற்றுப் பகுதிக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. மூளையிலிருந்த கட்டிகள் சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டன. அதனைத் தொடர்ந்து சிஸ்பிளாற்றின் உள்ளிட்ட கீமோதெரபி மருந்துகள் அவ்வாண்டின் இறுதிவரை வழங்கப்பட்டன. அவர் குணமடைந்து மீண்டும் போட்டிகளில் இறங்கினார். ஊக்கமருந்துப் பாவனை காரணமாக அவரது வெற்றிகள் 2012 ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டமை வேறு கதை. ஆனால் மூளைக்குப் பரவிய புற்றுநோயிலிருந்து அவர் மீண்டது மறுக்க முடியாத உண்மையாகும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு, குழந்தைகளைப் பாதிக்கும் குருதிப் புற்றுநோயாகும். இது மூளையினுள் கட்டியாக வளர்வதைவிட, மூளையைச் சூழ்ந்துள்ள மென்சவ்வுகளிலேயே பெரும்பாலும் ஒளிந்துகொள்கின்றது. 1960களில் மருந்துகளினால் குருதியும் என்புமச்சையும் தெளிந்த குழந்தைகள் பலரில், மாதங்கள் கழிந்து நோய் அம்மென்சவ்வுகளிலிருந்து திரும்பி வந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள சென். ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல் தலைமையிலான குழுவினர், நோய் திரும்பும்வரை காத்திராது, மூளைக்குக் கதிர்வீச்சையும் முதுகந்தண்டு வழியே மெதொட்ரெக்சேற்றையும் முன்கூட்டியே வழங்கினர். பாதியளவான குழந்தைகள் குணமடையும் நிலை அதன் மூலம் எட்டப்பட்டது. கதிர்வீச்சு குழந்தைகளின் கற்றலையும் வளர்ச்சியையும் பாதிப்பதாகத் தெரியவந்தபின், மருந்தை மாத்திரம் திறம்பட வழங்கி அக்கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்பதை அதே வைத்தியசாலை 2009 ஆம் ஆண்டில் நிரூபித்தது.

முதுகந்தண்டு வழியே திரும்பத் திரும்ப ஊசி ஏற்றும் வேதனையைக் குறைப்பதற்கு, தலைத் தோலின் கீழ் பொருத்தப்படும் ஒரு சிறு கொள்கலனை 1963 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் பாகிஸ்தானைச் சேர்ந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் அயூப் ஒமாயா என்பது தெற்காசியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எனினும் இவ்வழியில் செலுத்தப்படும் மருந்து மூளையின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றர் ஆழத்துக்கே ஊடுருவும். ஆகவே அது மென்சவ்வுகளில் பரவிய நோய்க்கு உதவுமேயன்றி, மூளையின் ஆழத்தில் திரண்டுள்ள கட்டிக்கு உதவாது.

மருந்து மாத்திரம் போதாத இடங்கள்

மேற்கூறியவை ஒப்பீட்டளவில் அரிதானவை என்பதை மறைக்கலாகாது. மூளைப் பரவல்களிற் பெரும்பாலானவை நுரையீரல், மார்பகம், தோல் ஆகியவற்றிலிருந்து வருபவை. இவற்றில் பழைய கீமோதெரபி மருந்துகள் தனியே முன்னிற்பதில்லை. சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சுமே பலருக்கு முதலில் தேவைப்படுகின்றன. மூளையில் ஒரேயொரு கட்டி மாத்திரம் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சை மட்டும் வழங்குவதைவிட, சத்திரசிகிச்சை மூலம் கட்டியை அகற்றியபின் கதிர்வீச்சை வழங்குவது ஆயுளை 15 வாரங்களிலிருந்து 40 வாரங்களுக்கு நீடிப்பதாக 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. இன்று, மூளை முழுவதையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாது கட்டியை மாத்திரம் இலக்குவைக்கும் நுட்பம், கட்டிகளின் எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெதசோன் எனும் ஸ்டீரொயிட் மருந்து வழங்கப்படுகின்றது. பல நோயாளர்களில் தலைவலியும் மயக்கமும் ஓரிரு நாட்களிலேயே தணிவது இதனாலேயாகும். ஆனால் வீக்கம் தணிவது வேறு, நோய் தணிவது வேறு.

சிறுகல நுரையீரல் புற்றுநோய் இவற்றுள் ஒரு விதிவிலக்கு. அது கீமோதெரபிக்கு விரைவாகப் பணிவதால், மூளைப் பரவல் இருந்தும் அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு மருந்தையே முதலில் தொடங்குவது உண்டு.

புதிய மருந்துகளும் புதிய கணக்கும்

கடந்த இருபது ஆண்டுகளில் இக்கணக்கு வெகுவாக மாறியுள்ளது. ஹேர்-2 எனும் புரதத்தை மிகையாகக் கொண்ட மார்பகப் புற்றுநோயில், லபற்றினிப் எனும் மாத்திரையுடன் கபெசிற்றபீன் எனும் கீமோதெரபி மாத்திரையும் சேர்த்து வழங்கப்பட்டபோது, மூளைக்குக் கதிர்வீச்சு பெறாத 44 பேரில் 29 பேருக்குக் கட்டிகளின் கனவளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கியதாக 2013 ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஆய்வொன்று தெரிவித்தது. 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட துகாற்றினிப் எனும் மருந்து, கபெசிற்றபீனுடனும் ட்ரஸ்ருசுமாப்புடனும் சேர்ந்து இதனை மேலும் முன்னெடுத்துச் சென்றது. மூளைப் பரவல் இருந்தவர்களில், ஓராண்டின் பின்னரும் நோய் முன்னேறாதிருந்தோர் இம்மருந்து பெற்றவர்களிடையே 24.9 சதவீதமாக இருக்க, பெறாதவர்களிடையே எவருமே இருக்கவில்லை.

நுரையீரல் புற்றுநோயில், குறிப்பாகப் புகைபிடிக்காத ஆசியர்களிடம் அதிகமாகக் காணப்படும் ஈ.ஜி.எப்.ஆர். எனும் மரபணு மாற்றம் இருப்பின், மூளைக்குள்ளும் நன்கு செல்லும் ஒசிமேற்றினிப் எனும் மாத்திரை உள்ளது. மெலனோமாவில் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் உள்ளன. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் மூளையில் நான்கு சிறு பரவல்கள் இருப்பது 2015 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 90. இலக்குவைத்த கதிர்வீச்சும் பெம்பிறோலிசுமாப் எனும் மருந்தும் பெற்ற அவர், அவ்வாண்டு டிசெம்பரில் நோயின் அறிகுறி எதுவும் ஸ்கானில் இல்லை என அறிவித்தார். 2024 ஆம் ஆண்டு டிசெம்பரில் தமது நூறாவது வயதிலேயே அவர் காலமானார்.

இவை அனைவருக்கும் கிட்டும் பலன்களல்ல. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. 'மூளைக்குப் பரவியது' என்ற ஒரே தலைப்பின்கீழ், வாரங்களில் முடியும் நோயும் உண்டு, ஆண்டுகள் பல வாழ இடமளிக்கும் நோயும் உண்டு.

சிகிச்சை எப்போது சுமையாகின்றது?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கோ இலக்குவைத்த கதிர்வீச்சுக்கோ பொருத்தமற்றவர்களாகக் கருதப்பட்ட 538 நுரையீரல் புற்றுநோயாளர்களிடம் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடத்தப்பட்டு 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஸ்டீரொயிட்டும் ஆதரவுப் பராமரிப்பும் மாத்திரம் பெற்றவர்களுக்கும், அவற்றுடன் மூளை முழுவதற்குமான கதிர்வீச்சையும் பெற்றவர்களுக்கும் இடையே ஆயுளிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு சாராரும் சராசரியாகச் சுமார் ஒன்பது வாரங்களே வாழ்ந்தனர். அத்தகைய நிலையில் வீட்டில் உறவுகளுக்கு மத்தியில், வலியும் வாந்தியும் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இருப்பது கைவிடப்படுதல் ஆகாது. அதுவும் ஒரு சிகிச்சையே. அதனை நோயாளிக்கு வழங்கும் முடிவை எடுப்பது தோல்வியுமன்று.

நாம் செய்யக்கூடியவை

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் புதிதாகத் தொடங்கி விடாது தொடரும் தலைவலி, குறிப்பாகக் காலையில் வாந்தியுடன் கூடிய தலைவலி, முதன்முறையாக ஏற்படும் வலிப்பு, ஒரு கையிலோ காலிலோ தளர்ச்சி, பேச்சுத் தடுமாற்றம், பார்வை மங்கல், நடை தள்ளாட்டம், குணத்தில் திடீர் மாற்றம் என்பன ஏற்படின், அவற்றை அயர்ச்சி என்றோ வயதென்றோ ஒதுக்கிவிடாது தாமதமின்றி வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். வலிப்பும் திடீர்த் தளர்ச்சியும் அவசர நிலைகளாகும். இவ்வறிகுறிகள் வேறு காரணங்களாலும் ஏற்படலாம். எனினும் கட்டிகள் சிறியனவாகவும் சிலவாகவும் இருக்கும்போதே தெரிவுகள் அதிகமாக இருக்கும்.

பரவல் உறுதிப்படுத்தப்பட்டால், குடும்பத்தினர் வைத்தியரிடம் மரியாதையுடனும் தயக்கமின்றியும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எங்கிருந்து பரவியது? எத்தனை கட்டிகள் உள்ளன? ஹேர்-2, ஈ.ஜி.எப்.ஆர். போன்ற பரிசோதனைகள் செய்யப்பட்டுள்ளனவா? இந்த மருந்து மூளையிலுள்ள நோய்க்காகக் கொடுக்கப்படுகின்றதா, உடலிலுள்ள நோய்க்காகவா? அதன் நோக்கம் குணமாக்குவதா, ஆயுளை நீடிப்பதா, துன்பத்தைக் குறைப்பதா? இறுதிக் கேள்வியைக் கேட்பதற்கே நாம் அதிகம் அஞ்சுகின்றோம். ஆனால் காணியை ஈடுவைப்பதற்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவேயாகும். தாமாகவே சிகிச்சையை நிறுத்துவதோ, ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரெனக் கைவிடுவதோ ஆபத்தானது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

இலவச சுகாதார சேவையைக் கட்டிக்காத்து வரும் நம் நாட்டுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியதை எவரும் மறந்திருக்க முடியாது. விலையுயர்ந்த ஒவ்வொரு புதிய மருந்தையும் உடனடியாகக் கொள்வனவு செய்யுமாறு அரசைக் கோருவது நடைமுறைச் சாத்தியமானதன்று. ஆனால் எவருக்கு எந்த மருந்து பயன்தரும் என்பதைக் காட்டும் பரிசோதனைகளும், உரிய நேரத்தில் ஒரு ஸ்கானும், மகரகமவுக்கு வரமுடியாத தூரத்து நோயாளருக்கு அருகிலேயே வலிநிவாரணப் பராமரிப்பும் கிடைக்கச் செய்வது அத்தகைய ஆடம்பரமன்று. பயன்தராத மருந்துக்குச் செலவாகும் பணத்தையும் அவை மிச்சப்படுத்தும்.

மூளையைக் காக்கும் மதில் நோயாளியின் தலைக்குள் உள்ளது. அதனைத் தாண்டுவதற்கான வழியை விஞ்ஞானம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கின்றது. ஆனால் வைத்தியருக்கும் குடும்பத்துக்கும் இடையே அச்சத்தினாலும் மௌனத்தினாலும் எழுப்பப்படும் மற்றொரு மதில் உண்டு. அதனைத் தாண்டுவதற்கு எந்தப் புதிய மருந்தும் தேவையில்லை. 'எந்தப் புற்றுநோய் பரவியிருக்கின்றது?' என்ற ஒரு கேள்வியுடன் அதனைத் தொடங்கலாம்.